தார் முடிகிற இடத்திலிருந்து ஒரு பயணம்

போன வருடம் வைகாசி மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். உத்திரமேரூர் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர் ஏரிக்குள் பதினைந்து வண்டிகள் இறங்கின. நான்கு ஜீப்புகள்; மற்றவை எல்லாம் உயரமான மோட்டார் சைக்கிள்கள். சென்னையிலிருந்து வந்த ஆஃப் ரோடு கிளப்காரர்கள். தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்த ஏரித் தரையில் இருட்டும்வரை ஓட்டினார்கள். கரையேறினார்கள், சறுக்கினார்கள், விழுந்தார்கள், சிரித்தார்கள். இரவு கோயில் திடலில் டென்ட் அடித்துக்கொள்ள ஊர்ப் பெரியவர்களே இடம் கொடுத்தார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சேற்றுக் குழியில் சிக்கிய ஒரு ஜீப்பை நாங்கள்தான் தள்ளிவிட்டோம். கை கொடுத்தார்கள், பெயர் கேட்டார்கள், நன்றி சொன்னார்கள். "உங்க ஊர் ரொம்ப அமைதியா இருக்கு ப்ரோ" என்றார் ஒருவர். தலையாட்டினோம். அவர்கள் டென்ட் அடித்திருந்த திடலில் எங்கள் தெருக்காரர்கள் இன்றுவரை உட்கார்ந்ததில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? எங்கிருந்தோ வந்த பதினைந்து வண்டிக்காரர்களிடம் யாரும் "எந்தத் தெரு?" என்று கேட்கவில்லை. இதே ஊரில் பிறந்த எங்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு டீகூடக் கிடைக்காது.

அவர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் அன்றிரவு எங்கள் இரவுப் பாடசாலையில் பாடம் நடக்கவில்லை. "நாம ஏன் ஒரு தடவகூட இப்படிப் போனதில்ல?" என்ற பேச்சுதான் நடந்தது.

தோழர்களே, ஆஃப் ரோடு என்பது எங்களுக்குப் புதிதல்ல. அவர்கள் தார்ச்சாலையை விட்டு இறங்குவதற்குக் காசு செலவழித்து வருகிறார்கள். எங்களுக்கோ ஊர்த்தெருவின் கடைசி வீட்டோடு தார் முடிந்துவிடும். அதற்கப்பால் மண், மழை வந்தால் சேறு. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் தெருவில் யாராவது செத்தால் பாடை ஊர்த்தெரு வழியாகப் போகக் கூடாது. வரப்பில் இறங்கி, முழங்கால் அளவு நாற்றங்கால் சேற்றில், தோளில் பிணத்தோடு போக வேண்டும். கால் வழுக்கினால் பிணமும் விழும். அதைவிடக் கடினமான பாதையில் எந்தக் கிளப்பும் வண்டி ஓட்டியிருக்காது.

இந்த வழிப் பிரச்சினை இன்று நேற்று வந்ததல்ல. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை எதுவானாலும் எந்தச் சாதியாரும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், பொது இடங்களுக்கு எவரும் போகலாம் என்பதுதான் தீர்மானம். அரசும் ஆணையிட்டது. தெருவில் நடக்க ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது! நூறு வருடம் கடந்துவிட்டது. நடந்து போனவர்கள் இன்று வண்டியில் போகிறோம். கேள்வி மட்டும் நடந்த காலத்ததாகவே இருக்கிறது.

வண்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஊர் ஊராகக் கிளப்காரர்கள் ஓட்டுகிற புல்லட்டும் ஹிமாலயனும் உருவாவது எங்கள் மாவட்டத்தில்தான். ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலைகள் இருக்கின்றன. அந்தப் பகுதித் தொழிற்பேட்டைகளுக்கு விடியற்காலை கம்பெனி பஸ் ஏறிப் போகிற பிள்ளைகள் எங்கள் தெருவிலும் உண்டு. அப்படி ஒப்பந்த வேலை பார்க்கிற எங்கள் தம்பி ஒருவன் மூன்று வருடம் சேர்த்து ஒரு பழைய புல்லட் வாங்கினான். வாங்கிய அன்று அவன் நைனா சந்தோஷப்படவில்லை. "ஊர்த்தெருவுல சத்தம் வராமப் போ" என்றார். அவர் காலத்தில் சைக்கிளையே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் அந்தத் தெருவைத் தாண்டுவார்கள்.

அவர் பயம் பழைய பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டியதற்காகத் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள். வண்டியைப் பிடிக்கிற கையைத்தான் வெட்டினார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தியபோது 3(1)(za) என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பொது இடத்தில் தலித்துகளும் பழங்குடிகளும் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதை, செருப்போ புதுத்துணியோ அணிவதைத் தடுத்தால் குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. ஆறு, குளம், சாலை, சுடுகாடு ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் அதே பிரிவில் வருகிறது. ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் 'மோட்டார் சைக்கிள்' என்று ஏன் எழுத வேண்டிவந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். எங்களுக்கு அது வெறும் வண்டி இல்லை.

ஆகவே போவதென்று முடிவு செய்தோம். இந்தச் சித்திரையில் ஒரு சனி, ஞாயிறு. ஏழு பேர், நான்கு வண்டிகள். ஒரு புல்லட், இரண்டு ஸ்ப்ளெண்டர், ஒரு ஸ்கூட்டி. எங்கே போவது? தமிழ்நாட்டில் பாலைவனம் பார்க்க வேண்டுமென்றால் திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலுக்குப் போக வேண்டும். அவ்வளவு பெட்ரோலுக்குக் காசில்லை. ஆனால் பாலை என்பது தமிழில் தனி நிலமே கிடையாதே. இருக்கிற நிலம் காய்ந்து திரிந்தால் அதுதான் பாலை. அந்தக் கணக்கில் எங்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் பாலைவனம் பாலாறு. திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் வந்து சேர்கிற அகன்ற ஆறு. 2021 நவம்பரில் இரு கரையும் முட்டி ஓடியது. சித்திரையில் மணல் மட்டும்தான். அதிலும் லாரிகள் அள்ளியது போக மிச்சம்.

புறப்படுவதற்கு முன் இரண்டு வாக்குவாதங்கள் நடந்தன.

முதலாவது, பெண்கள் வருவது. சட்டக் கல்லூரியில் படிக்கும் தங்கையும் நர்சிங் படிக்கும் தங்கையும் வருவதாகச் சொன்னார்கள். "ராத்திரி ஆத்துல படுக்கறதா? ஊரு இன்னா பேசும்?" என்று வீட்டில் எதிர்ப்பு. எங்களிலேயே இரண்டு ஆண்கள் "பகல்ல மட்டும் வந்துட்டுப் போகட்டும்" என்றார்கள். முடித்து வைத்தவர் நர்சிங் தங்கையின் ஆயா. "நாங்க பாக்காத ராத்திரியா? அறுப்புக் காலத்துல அவனுங்க நெல்லுக்குக் காவலா களத்துமேட்டுல எத்தினி நாளு படுத்துக் கெடந்தோம். அப்ப பொம்பளப் புள்ளன்னு யாரும் சொல்லல. இப்ப இதுங்க தனக்காவப் போயி ஒரு ராத்திரி படுத்துட்டு வந்தா மட்டும் பேசுவானுங்களா? பேசட்டும் போ."

நாங்கள் வாயடைத்துப் போனோம். வானத்தின் கீழே படுப்பது எங்கள் சனங்களுக்குப் பழகியதுதான். கூலிக்காகப் படுத்தோம், காவலுக்காகப் படுத்தோம். சந்தோஷத்துக்காகப் படுத்ததில்லை.

இரண்டாவது வாக்குவாதம் ஸ்டிக்கரைப் பற்றி. புல்லட் டேங்கில் பாபாசாகேப் படத்தோடு நீல நிற ஜெய்பீம் ஸ்டிக்கர் இருக்கிறது. போகிற வழியில் நான்கைந்து ஊர்த்தெருக்களைத் தாண்ட வேண்டும். "மூடிட்டுப் போலாம், தங்கச்சிங்க வர்றாங்க" என்றான் ஒருவன். "மூடிட்டுப் போறதுக்கு எதுக்குப் போவணும்?" என்றான் வண்டிக்காரன். ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில் டேங்க் கவர் போட்டு மூடினோம். மூடியவன் வண்டிக்காரன்தான். அதற்குப் பிறகு அவன் வெகுநேரம் யாரோடும் பேசவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் கிளம்பினோம். பாதி வழியில் ஓர் ஊரில் டீக்கடை. பெஞ்சில் நான்கைந்து பேர். ஹெல்மெட்டைக் கழற்றியதும் கடைக்காரர் கேட்டார்.

"எந்த ஊரு தம்பி?"

சொன்னோம்.

"ஊர்லயா, காலனியா?"

இரண்டு நொடிதான் இருக்கும். எங்களில் ஒருவன், "நாங்க டவுனுண்ணா, காலேஜ் பசங்க" என்றான். அவர் தலையை ஆட்டி, "உக்காருங்கப்பா" என்று பெஞ்சில் இடம் ஒதுக்கச் சொன்னார். கண்ணாடி கிளாஸில் டீ வந்தது. நல்ல டீ. குடித்துவிட்டு வண்டியை எடுத்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆற்றங்கரையை ஒட்டிய காலனியில் எங்களில் ஒருவனுக்கு அத்தை வீடு. அங்கே ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, இரண்டு குடம் தண்ணீரும் விறகும் வாங்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினோம். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் சாதி, ஸ்டிக்கர், டீக்கடை எதுவும் நினைவில் இல்லை. மணலில் வண்டி ஓட்டுவது வேறு வித்தை. டயரில் காற்றைப் பாதியாக இறக்க வேண்டும். அப்போதுதான் டயர் அகன்று மணல்மேல் மிதக்கும். உட்கார்ந்து ஓட்டக்கூடாது, ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று முழங்காலால் டேங்கைப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கைத் தொட்டால் போச்சு. பயத்தில் ஆக்சிலரேட்டரை விட்டாலும் போச்சு, முன் சக்கரம் புதைந்து தலைகுப்புற விழ வேண்டியதுதான். எல்லோரும் விழுந்தோம். புல்லட் கனம் தாங்காமல் இரண்டு தடவை அச்சு வரை புதைந்தது. ஏழு பேரும் சேர்ந்து இழுத்தோம். சிராய்க்காத முழங்கை ஒன்றுகூட இல்லை. நர்சிங் தங்கைக்கு அன்று நல்ல வேலை. ஸ்ப்ளெண்டரை விழாமல் கடைசிவரை ஓட்டியவளும் அவள்தான்.

டென்ட் கிடையாது. நெல் மூட்டை மூடுகிற தார்ப்பாயை இரண்டு சவுக்குக் கழியில் கட்டினோம். மஞ்சளும் உப்பும் தடவி எடுத்து வந்திருந்த மாட்டுக்கறியை வறுத்து, சோறு வடித்துத் தின்றோம். ஒன்பது மணி வாக்கில் கரையில் ஒரு டிராக்டர் விளக்கு வந்து நின்றது. எங்கள் பக்கமே அடித்துக்கொண்டிருந்தது. பேச்சை நிறுத்தினோம், நெருப்பில் மணலைப் போட்டோம். பத்து நிமிடம் கழித்து அதுபாட்டுக்குப் போய்விட்டது. யாரோ, எதற்கோ வந்தவர்கள். ஆனால் அதற்குப் பிறகு யாருக்கும் தூக்கம் வரவில்லை.

அப்போதுதான் டீக்கடையில் பொய் சொன்னவன் பேச ஆரம்பித்தான். "நான் தப்பு பண்ணிட்டேன்." யாரும் திட்டவில்லை. அவன் வாயில் வந்தது எங்கள் எல்லோர் நாக்கிலும் இருந்ததுதான். சட்டக் கல்லூரித் தங்கை, பாபாசாகேப் எழுதிய 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

1901. பாபாசாகேப் சிறுவன். கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் ரயிலில் போகிறார். மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். சாதி தெரிந்ததும் எந்த மாட்டு வண்டிக்காரனும் ஏற்றவில்லை. இரண்டு மடங்கு கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரன் நடந்து வந்தான். நள்ளிரவில் சுங்கச்சாவடி. கையில் சாப்பாடு இருக்கிறது, தண்ணீர் இல்லை. தண்ணீருக்காக அந்தச் சிறுவன் சாவடிக்காரனிடம் தன்னை முஸ்லிம் என்று உருதுவில் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. தண்ணீர் இல்லாமலே இரவு கழிந்தது.

1929. வெளிநாட்டில் படித்துப் பட்டங்கள் பெற்றுத் திரும்பியவர், அரசுக் குழுவின் உறுப்பினர். சாலிஸ்கானில் டோங்காக்காரர்கள் அவரை ஏற்ற மறுத்தார்கள். வண்டியை வாடகைக்கு எடுத்து, ஓட்டத் தெரியாத நம் ஆள் ஒருவரே ஓட்டினார். பாலத்தில் வண்டி மோதித் தூக்கி எறியப்பட்டு அவர் கால் எலும்பு முறிந்தது.

1934. இயக்கத் தோழர்கள் முப்பது பேரோடு சுற்றுலா. ஆம், தோழர்களே, சுற்றுலாதான். எல்லோராக் குகைகளைப் பார்க்க பஸ் எடுத்துப் போனார்கள். வழியில் தொல்லை வரக்கூடாதென்று யார் என்று காட்டிக்கொள்ளாமல், சாதாரணப் பயணிகளைப் போலவே போனார்கள். தங்கும் ஊர்களில் இருந்த நம் சனங்களுக்கு மட்டும் தகவல் சொல்லியிருந்தார்கள். தௌலதாபாத் கோட்டை வாசலில் இருந்த குளத்தில் முகம், கால் கழுவினார்கள். யார் என்று தெரிந்ததும் கூட்டம் கூடிவிட்டது, குளம் தீட்டாகிவிட்டதென்று. கோட்டையைச் சுற்றிப் பார்க்க விட்டார்கள். தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதக் காவலன் ஒருவனையும் கூட அனுப்பினார்கள்.

"அவரும் மறைச்சிட்டுத்தான் போனாரு" என்றாள் தங்கை. "மறைக்கறது கோழைத்தனம் இல்ல. நம்மள மறைக்க வைக்கிறவன்தான் வெக்கப்படணும். ஆனா அவரு அதோட நிறுத்தல. நடந்தத ஒண்ணு விடாம எழுதி வச்சாரு."

பயணம் போவது பொழுதுபோக்கு, போராட்டம் வேறு என்று அதுவரை நினைத்திருந்தோம். பாபாசாகேப் தன் மக்களின் துயரத்தை உலகத்துக்குப் புரியவைக்கத் தேர்ந்தெடுத்தவற்றில் பெரும்பாலானவை பயணக் கதைகள். வண்டி, தங்குமிடம், தண்ணீர். ஒரு மனிதன் வீட்டை விட்டுக் கிளம்பினால் தேவைப்படுகிற மூன்றிலும் சாதி உட்கார்ந்திருக்கிறது. சொந்தத் தெருவுக்குள் இருக்கும்வரை அது பாதிதான் தெரியும். கிளம்பினால்தான் முழுசாகத் தெரியும்.

காலையில் டேங்க் கவரைக் கழற்றினோம். யாரும் முன்மொழியவில்லை; வண்டிக்காரன் கழற்றினான், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அதே வழி, அதே டீக்கடை, அதே கடைக்காரர். அவர் ஸ்டிக்கரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஏழு டீ வந்தது, பேப்பர் கப்பில்.

பெஞ்சில் இருந்தவர்கள் கையில் கண்ணாடி கிளாஸ்.

"அண்ணா, நேத்து கிளாஸ்ல குடுத்தீங்களே" என்றாள் சட்டக் கல்லூரித் தங்கை.

"கிளாஸ் கழுவலம்மா."

"பரவால்லண்ணா. கழுவற வரைக்கும் இருக்கோம்."

இருந்தோம். பெஞ்சில் ஒருவர் எழுந்து வந்து வண்டி நம்பரை போனில் படம் பிடித்தார். நாங்களும் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டோம். கடையில் டீ ஆற்றுகிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை. கடைக்காரர் ஏழு கிளாஸைக் கழுவினார். ஊற்றினார். குடித்தோம். 84 ரூபாய் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். கைதட்டலும் இல்லை, கலவரமும் இல்லை. கால் நடுங்கியது உண்மை.

நான்காம் நாள் வண்டிக்காரத் தம்பியின் நைனாவுக்கு அவர் கரும்பு வெட்டுகிற தோட்டத்துக்காரரிடமிருந்து போன். "ஒம் புள்ளையச் சொல்லி வை." செய்தி நம்பர் பிளேட் வழியாக ஊர் ஊராகத் தாண்டி வந்திருக்கிறது. அந்த வாரம் அவருக்கு அங்கே வேலை இல்லை. எங்களைக் கூப்பிட்டார். திட்டுவார் என்றுதான் போனோம். அவர் திட்டவில்லை. "கடைசியா எதுல குடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். "கிளாஸ்ல" என்றோம். "சரி" என்றார்.

எங்கள் உத்திரமேரூர் உலகத்துக்குத் தெரிந்த ஊர். குடவோலைத் தேர்தல் பற்றிய பராந்தக சோழன் கல்வெட்டைப் பார்க்க வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குத் தூரதேசத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். முப்பது குடும்பு, குடத்தில் ஓலை. அந்தக் குடத்தில் பெயர் போட சொந்த நிலமும் சொந்த மனையும் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் பாட்டன் ஒருவன் பெயரும் அதற்குள் விழுந்திருக்காது. ஆயிரம் வருடம் கழித்தும் 'பொது' என்கிற குடத்தில் எங்கள் பெயரை நாங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தெரு, திடல், ஆறு, டீக்கடைக் கிளாஸ் எல்லாம் அந்தக் குடத்துக்குள்தான் வருகின்றன.

எங்கள் மேலும் ஒரு குறை உண்டு. ஆற்றங்கரையில் இருளர் குடிசைகள் நான்கு பார்த்தோம். எங்கள் ஊர் ஏரிக்கரையிலும் இருளர் வீடுகள் இருக்கின்றன. ஆனால் எங்கள் ஏழு பேரில் ஒருவர்கூட அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. கூப்பிடத் தோன்றவேயில்லை. மற்றவர்களைக் கேட்பதற்கு முன் இதை எங்களையே கேட்டுக்கொண்டோம். அடுத்த பயணத்தில் வருவதாக இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு: போங்கள். வண்டி இல்லையென்றால் சைக்கிளில் போங்கள், பஸ்ஸில் போங்கள். தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகப் போங்கள். போகிற வழியில் நம் சனங்கள் இருக்கும் ஊருக்குத் தகவல் சொல்லிவிட்டுப் போங்கள். 3(1)(za) பிரிவையும், கடையில் எல்லோருக்கும் வைத்திருக்கிற பாத்திரத்தை மறுப்பது குற்றம் என்று சொல்கிற 1955 குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே பேச வேண்டும், எங்கே பேசாமல் கிளம்ப வேண்டும் என்பதைக் கூட இருப்பவர்களின் பாதுகாப்பை வைத்து முடிவு செய்யுங்கள். அதில் வெட்கம் இல்லை. திரும்பி வந்ததும் நடந்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். முக்கியமாக, சந்தோஷமாக இருங்கள். மணலில் விழுந்து சிரிப்பதும் நம் உரிமைதான்.

எங்கள் அடுத்த பயணம் அக்டோபர் 10. காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் 1994இல் அதே நாளில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்த ஜான் தாமஸ், ஏழுமலை இருவருக்கும் வீரவணக்கம் செலுத்தக் காரணைக்குப் போகிறோம். டேங்க் கவர் எடுத்துவரப் போவதில்லை.

ஜெய்பீம்.